லட்சுமிக்கு ஒரு அக்கா

"மூதேவி" என்ற வார்த்தையைக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் யாராவது இருக்கிறீர்களா? காலை ஏழு மணிக்கு மேல் தூங்கினால் மூதேவி. விளக்கு வைக்கிற நேரத்தில் தலையை விரித்துப் போட்டிருந்தால் மூதேவி. பால் பொங்கி வழிந்தால், டம்ளர் கைதவறி விழுந்தால், அரியர் விழுந்தால், எல்லாத்துக்கும் அதே பெயர்தான். ஹாஸ்டலில் நாங்கள் அதைச் செல்லப் பெயராகவே ஆக்கிவிட்டோம். "ஏய் மூதேவி, என் சார்ஜர் எங்கடி?" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒருவரை வருஷக்கணக்கில் அந்தப் பெயரால் கூப்பிட்டார்கள். அதில் செல்லம் எதுவும் இல்லை. அதனால்தான் யார் இந்த மூதேவி என்று கொஞ்சம் தேடிப் பார்த்தேன். தேடினால் முதலில் போய் நின்ற இடம் கிரீஸ்.

அதுக்குக் காரணம் இருக்கு. நான் எல்.கே.ஜி.யிலிருந்தே இங்கிலீஷ் மீடியம். ஸ்கூல் லைப்ரரியில் கலர் படம் போட்ட கிரேக்கக் கதைப் புத்தகங்கள் வரிசையாக இருக்கும். ஜீயஸின் குடும்ப அட்டையில் யார் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவேன். அந்த அட்டையில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு பெயர் ஆத்தே. நம்ம ஊர் அப்பத்தாக்கள் அதிர்ச்சியில் "ஆத்தே!" என்று நெஞ்சில் கை வைப்பார்களே, கிட்டத்தட்ட அதே உச்சரிப்பு. இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆத்தே என்றால் கிரேக்கத்தில் புத்தி மறைந்துபோவது. அந்த மறைப்பினால் பின்னால் வருகிற நாசத்துக்கும் அதே சொல்தான். காரணத்துக்கு ஒரு பெயர், விளைவுக்கு ஒரு பெயர் என்று அவர்கள் பிரிக்கவில்லை. ஹோமரின் இலியட்டில் அவள் ஒரு பெண் தெய்வம். அவளுடைய பாதம் மிருதுவானது. தரையில் படாது. மனிதர்களின் தலைகள் மேல்தான் நடப்பாள். மிருதுவான பாதம் என்பதால் நடப்பது யாருக்கும் தெரியாது. நடந்து முடித்த பிறகுதான் தெரியும்.

அவள் கதை வருவது இலியட்டின் 19-ஆம் பகுதியில். கிரேக்கப் படையின் தலைவன் அகமெம்னான், தன் பெரிய வீரனான அக்கிலீஸிடமிருந்து பிரிசேயிஸ் என்ற பெண்ணைப் பிடுங்கிக்கொள்கிறான். அக்கிலீஸ் கோபித்துக்கொண்டு போரிலிருந்து விலகிவிடுகிறான். அதற்குப் பிறகு கிரேக்கர்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். அக்கிலீஸின் உயிர் நண்பன் பட்ரோகுளஸும் சாகிறான். கடைசியில் சமாதானம் பேச வரும்போது அகமெம்னான் எல்லார் முன்னாலும் ஒரு விளக்கம் கொடுக்கிறான். சுருக்கமாக: தப்பு என்மேல் இல்லை, ஜீயஸும் விதியும் சேர்ந்து ஆத்தேயை என் மனசுக்குள் அனுப்பிவிட்டார்கள்.

கூடவே, ஜீயஸே அவளிடம் ஏமாந்தவர்தான் என்று ஒரு கதையும் சொல்கிறான். இன்று என் வம்சத்தில் பிறக்கப்போகும் குழந்தை சுற்றியிருக்கும் எல்லாரையும் ஆளும் என்று ஜீயஸ் பெருமையடிக்கிறார். அவர் மனசில் இருப்பது ஹெராக்கிளீஸ். மனைவி ஹீரா, "எங்கே, சத்தியம் பண்ணுங்க" என்கிறாள். அவரும் பண்ணிவிடுகிறார். ஹீரா உடனே போய் ஹெராக்கிளீஸின் பிறப்பைத் தள்ளிப்போட்டு, இன்னொரு வீட்டில் ஏழு மாதக் குழந்தையான யூரிஸ்தியஸை அன்றே பிறக்க வைத்துவிடுகிறாள். வாக்கு அவனுக்குப் போய்விட்டது. ஜீயஸுக்கு வந்த கோபத்தில் ஆத்தேயின் முடியைப் பிடித்துச் சுழற்றி, இனி ஒலிம்பஸ் பக்கமே வராதே என்று பூமிக்கு வீசிவிடுகிறார். சத்தியம் பண்ணினது அவர். அடி வாங்கினது அவள். அன்றிலிருந்து அவள் நம்ம தலைமேல் நடக்கிறாள். அவள் வந்து விழுந்த குன்றில்தான் பிறகு ட்ராய் நகரம் கட்டப்பட்டது என்று அப்போலோடோரஸ் பெயரில் வழங்கும் தொகுப்பு சொல்கிறது. அந்த நகரத்துக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

இதில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. ஹெஸியட் என்ற இன்னொரு கவிஞர் ஆத்தேயைச் சண்டை தேவதை எரிஸின் மகள் என்கிறார். ஆனால் ஹோமர் அவளை ஜீயஸின் மூத்த மகள் என்கிறார். மூத்தவள்!

மூதேவி என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். மூத்த தேவி. சமஸ்கிருதத்தில் ஜேஷ்டா, அதற்கும் மூத்தவள் என்றுதான் பொருள். தமிழில் அது சேட்டை ஆயிற்று. (சின்னப் பசங்க பண்ணுகிற சேட்டை வேறு. அது வேறொரு வடசொல்லிலிருந்து வந்தது.) கேட்டை நட்சத்திரமும் இதே ஜேஷ்டாதான். இன்னும் பழைய தமிழ்ப் பெயர் தவ்வை. தவ்வை என்றால் அக்கா, அவ்வளவுதான். பாற்கடலைக் கடைந்தபோது லட்சுமிக்கு முன்னால் வெளியே வந்தவள் என்பதால் லட்சுமிக்கு அக்கா.

இரண்டு ஊரிலும் கேட்டுக்கு ஒரு உருவம் கொடுக்கும்போது, ஏன் வீட்டின் மூத்த பெண்ணையே தேர்ந்தெடுத்தார்கள்? ஒரு ஊரைப் பார்த்து இன்னொரு ஊர் காப்பியடித்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் நான்தான் மூத்தவள். அதனால் கேள்வி கொஞ்சம் குத்தியது.

சரி, நம்ம மூதேவி எப்படி இருப்பாள்? சிற்பங்களில் பார்த்தால் பெரிய வயிறு, தொங்கும் மார்பு, காலைத் தொங்கவிட்டு அகலமாக உட்கார்ந்திருப்பாள். காக்கைக் கொடி. கழுதை வாகனம். கையில் துடைப்பம் சொல்லப்படுவதுண்டு. ஒரு பக்கம் மாட்டு முகத்தோடு மகன் மாந்தன், இன்னொரு பக்கம் மகள் மாந்தி. இது ஏதோ பயமுறுத்த வைத்த பொம்மை இல்லை. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் அவள் இருக்கிறாள். திருப்பரங்குன்றம் குடைவரையில் கி.பி. 773-ஐச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. பாண்டிய மன்னனின் அமைச்சர் சாத்தன் கணபதியின் மனைவி நக்கன் கொற்றி, அங்கே துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்த செய்தி அதில் இருக்கிறது. ஒரு பெரிய வீட்டுப் பெண், வசதி உள்ளவள், சொந்த விருப்பத்தில் மூதேவிக்குக் கோயில் எடுத்திருக்கிறாள். ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில், வரி கிடையாத நிலங்களின் கணக்கில் சேட்டையார் கோயிலும் வருகிறது. சேட்டை"யார்". மரியாதையைக் கவனியுங்கள்.

நம்ம மாவட்டத்துக்கே வருவோம். நார்த்தாமலை போயிருப்பீர்கள், இன்ஸ்டாவில் போட்டோவும் போட்டிருப்பீர்கள். மேலமலையில் விஜயாலய சோழீச்சுரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னச் சன்னிதிகள் நிற்கும். அந்தக் காலச் சிவன் கோயில்களில் நடுவில் சிவன், சுற்றி எட்டு பரிவார தெய்வங்கள் என்பது ஒரு அமைப்பு. சூரியன், சந்திரன், கணபதி, முருகன், சப்தமாதர், சண்டிகேசுவரர், நந்தி, அவர்களோடு சேட்டை. பிள்ளையாருக்கும் முருகனுக்கும் பக்கத்து வீட்டுக்காரி! நாம் நின்று செல்ஃபி எடுக்கிற அந்தச் சுற்றில் அவளுக்கும் ஒரு இடம் உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

செல்வம் வேண்டியும் அவளைக் கும்பிட்டிருக்கிறார்கள். எப்படித் தெரியும்? திருமாலையில் தொண்டரடிப்பொடி ஆழ்வார், சேட்டையிடம் போய்ச் செல்வத்தை எதிர்பார்க்கிறீர்களே என்று ஜனங்களைக் கேலி செய்கிறார். யாரும் செய்யாத ஒன்றை யாரும் கேலி செய்ய மாட்டார்கள். சோழர் காலத்தின் பிற்பகுதியில் அவள் வழிபாடு மெல்ல மங்கியது. பல சிலைகள் கோயிலை விட்டு வெளியே வந்தன. கண்மாய்க்கரையிலும் வயல் நடுவிலும் மரத்தடியிலும் இன்றைக்கும் கண்டெடுக்கிறார்கள். சிலை வெளியே போனது. பெயர் மட்டும் வீட்டுக்குள் வந்து வசவாக உட்கார்ந்துகொண்டது.

இப்போது எங்கள் சித்தி.

சித்தப்பா சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். 2019 ஆவணியில் கல்யாணம். 2020 மார்ச்சில் லாக்டவுன். லோடு இல்லை, வண்டி வாசலில் நிற்கிறது, கையில் போன். முதலில் ஐம்பது ரூபாய் போட்டு முந்நூறு எடுத்தார். சேர்ந்ததும் போனஸ் கொடுத்தார்கள். வீட்டில் எல்லாருக்கும் பிரியாணி வாங்கி வந்தார். ஆன்லைன் ரம்மி என்று யாரும் கேட்கவில்லை; ஏதோ பழைய பாக்கி வந்ததாகத்தான் நினைத்தோம். ஒரு வருஷத்தில் குட்டியானை போனது. சித்தியின் பதினோரு பவுன் அடகுக்குப் போனது. அதற்கு மேல் கைமாற்றுக் கடன் வேறு.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "அந்தப் பய நல்லாத்தான் இருந்தான். இவ வந்து நுழைஞ்ச நேரம்." அப்பத்தா இன்னும் ஒரு படி மேலே போனார். சித்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். "அந்த மூதேவியத் தண்ணி கொண்டாரச் சொல்லு." காலையில் வெளியே கிளம்பும்போது சித்தி எதிரே வந்தால், உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள் சித்தி கையில் கொடுக்க மாட்டார்கள். சித்தி ஒரு நாள் ரம்மி ஆடியதில்லை. அவரிடம் இருந்தது பட்டன் போன்.

நான் வள்ளுவரைத் தேடிப் போனது அதனால்தான். திருக்குறளில் இந்த அக்கா மூன்று இடங்களில் வருகிறாள். அழுக்காறாமையில் 167-ஆவது குறள்: பொறாமைக்காரனைப் பார்க்கப் பொறுக்காமல் லட்சுமி தன் அக்காவைக் கைகாட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். ஆள்வினையுடைமையில் 617: சோம்பலில் அவள் குடியிருக்கிறாள், முயற்சியில் தங்கை குடியிருக்கிறாள். சூது அதிகாரத்தில் 936: சூது என்பதே முகடி, அவளால் மூடப்பட்டவருக்கு வயிறும் நிறையாது, துன்பமும் தீராது. முகடி என்பது அவளுக்கே இன்னொரு பெயர்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொறாமை, சோம்பல், சூது. மூன்றும் ஒரு ஆள் தானாகச் செய்கிற காரியம். பொறாமைப்பட்டவனிடம் அவள் வருகிறாள், அவன் பெண்டாட்டியிடம் இல்லை. சூதாடியை அவள் மூடுகிறாள், அவன் வீட்டுக்கு வாழ வந்தவளை இல்லை. ஒரு குறளில்கூட ஒரு பெண்ணைக் காட்டி "இவள்தான் மூதேவி" என்று வள்ளுவர் சொல்லவில்லை. லிங்க புராணக் கதையிலும் அப்படித்தான். மூதேவி எந்த வீட்டுக்குள் போகலாம் என்று ஒரு பட்டியல் வரும்: புருஷனும் பொண்டாட்டியும் சண்டை போடுகிற வீடு, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கப் பெரியவர்கள் மட்டும் தின்கிற வீடு, இந்த மாதிரி. தப்பு முதலில் நடக்கிறது. அவள் பிறகுதான் வருகிறாள்.

அப்படியென்றால் எங்கள் வீட்டுக்குள் யார் கூட்டி வந்தது? கணக்குப் போட்டாலே தெரியும், நாம் இன்ஜினியரிங்தானே படிக்கிறோம். ஒரு டேபிளில் ஆறு பேர், ஆளுக்கு ₹100. மொத்தம் ₹600. ஆப் தன் பங்காக 10 சதவீதம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ₹60 போய்விட்டது, ஜெயித்தவனுக்கு ₹540. இதே ஆறு பேர் இதே மாதிரி பத்து ஆட்டம் ஆடினால் டேபிளை விட்டு வெளியே போனது ₹600. ஆளுக்குச் சராசரி ₹100 நஷ்டம். நீ எவ்வளவு பெரிய கெட்டிக்காரனாக இருந்தாலும் மற்ற ஐந்து பேர் பாக்கெட்டிலிருந்துதான் எடுக்க முடியும். ஆப் மட்டும் எந்த ஆட்டத்திலும் தோற்காது. "இன்னும் ஒரு கேம்ல விட்டதப் புடிச்சிருவேன்" என்று மனசு சொல்லும்போது, தலைமேல் மிருதுவான பாதம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது.

சட்டமும் இதோடு நாலைந்து வருஷம் இழுபறி நடத்தியது. 2021-இல் தமிழக அரசு கொண்டுவந்த தடையை அதே ஆண்டு உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-இல் சட்டமன்றம் புதுச் சட்டம் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் வந்தது. அந்த நவம்பரில், ரம்மி திறமைக்கான ஆட்டம், அதைத் தடை செய்ய முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில் காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கே நாடாளுமன்றம் தடைச் சட்டம் போட்டது. இவ்வளவு பேர் இவ்வளவு வருஷம் உட்கார்ந்து வாதாடிய விஷயத்துக்கு, எங்கள் ஊரில் ஒரே நாளில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். குற்றவாளி சித்தி.

அகமெம்னானுக்கு நான் இதுவரை கொஞ்சம் சலுகை கொடுத்தே பேசியிருக்கிறேன். "நான் இல்லை, ஆத்தே" என்று சொன்னவன் அதோடு எழுந்து போய்விடவில்லை. இருந்தாலும் ஈடு கட்டுகிறேன் என்றான். கட்டினான்: பத்துத் தாலந்து தங்கம், பன்னிரண்டு குதிரைகள், இருபது அண்டாக்கள், பிரிசேயிஸைத் திருப்பிக் கொடுத்தான். அவளோடு கூட ஏழு பெண்கள். ஆமாம், அண்டாவோடு சேர்த்துப் பெண்களையும் எண்ணிக் கொடுத்தார்கள். புத்தி கெட்டது ஆண்களுக்கு, பில் கட்டியது பெண்கள். அந்த விஷயத்தில் கிரீஸுக்கும் நம்ம ஊருக்கும் பெரிய தூரம் இல்லை.

ஆனால் இலியட்டின் 9-ஆம் பகுதியில் இன்னொரு கூட்டம் வருகிறது. லிதாய் என்று பெயர், மன்னிப்புக் கேட்கும் வேண்டுதல்கள். அவர்களும் ஜீயஸின் மகள்களே. நொண்டி நடக்கிறவர்கள், முகம் சுருங்கியவர்கள், நேராகப் பார்க்க முடியாத கண்கள். ஆத்தே வேகமாக ஓடி ஊரெல்லாம் கெடுத்துவிட்டுப் போக, இவர்கள் நொண்டி நொண்டிப் பின்னால் வந்து காயத்துக்கு மருந்து போடுவார்கள். தப்பு செய்தவன் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டான், தாமதமாகத்தான் வருவான் என்பதை இதைவிடச் சரியாக எப்படிச் சொல்வது?

எங்கள் வீட்டுக்கு லிதாய் இந்தப் பொங்கலுக்குத்தான் வந்தார்கள். சித்தப்பா ஆடுவதை விட்டு மூணு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது வேறொருவரின் லாரி ஓட்டுகிறார். சித்தி ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கும் வேலைக்குப் போய், கையெல்லாம் எண்ணெய் பட்டுக் கறுத்து, பதினோரு பவுனில் நாலு பவுனை மீட்டிருக்கிறார். பொங்கல் அன்று அப்பத்தா வழக்கம்போல, "அந்த மூதேவி எங்க?" என்றார். சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இலையைப் பார்த்தபடியே சொன்னார்: "அவள அப்டிக் கூப்புடாதம்மா. தொலச்சது நானு."

யாரும் எதுவும் பேசவில்லை. அப்பத்தா ரசம் கேட்டார். சித்தி வந்து ஊற்றினார். அன்றைக்கு அப்பத்தா அவரைப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை, மூதேவி என்றும் கூப்பிடவில்லை. "இந்தாம்மா" என்றார். எங்கள் அப்பத்தாவைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

சாயங்காலம் சித்தியிடம் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். திருப்பரங்குன்றம், சேட்டையார், காக்கைக் கொடி, எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவளுக்குப் புள்ளைங்க உண்டா?" என்றார்.

"ஒரு பையன், ஒரு பொண்ணு."

"புருஷன்?"

"துஸ்ஸகர்னு ஒரு முனிவர். அவளோட இருக்க முடியாதுன்னு பாதியில விட்டுட்டுப் போயிருவாரு."

சித்தி சிரித்துவிட்டார். "எங்காளு போகலையே, அந்த மட்டுக்கும் நான் தேவலை."

இதை ஏன் நம்ம மின்னிதழில் எழுதுகிறேன் என்றால், நம்மில் சிலருடைய போனில் இன்றைக்கும் அந்த மாதிரி ஆட்டங்கள் வேறு வேறு பெயரில் ஓடுகின்றன. தடை வந்தாலும் வழி கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். செமஸ்டர் ஃபீஸை வைத்து ஆடிவிட்டு வீட்டில் சொல்லப் பயப்படுகிறவர்களும் இருக்கலாம். அப்படி யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். நேராகப் பார்த்துச் சொல்ல முடியாவிட்டால் இலையைப் பார்த்தாவது சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அந்தப் பழியை உங்கள் வீட்டில் வேறு யாரோ ஒருத்தி சுமப்பாள்.

அப்புறம், நார்த்தாமலைக்கு அடுத்த முறை போனால் அந்தச் சின்னச் சன்னிதிகளையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள். அந்த எட்டுப் பேர் வரிசையில் ஒரு அக்காவும் உண்டு.